ஒரே வாடிக்கையாளரை இருமுறை எண்ணாமல் இருக்க: எக்செல், ஷீட்ஸ், எஸ்க்யூஎல், பவர் பிஐ

மொத்தம் எத்தனை பில் என்று கேட்டால் எந்த மென்பொருளும் சரியாகச் சொல்லிவிடும். ரத்தான பில்களைத் தள்ளிவிட்டு, ஜூலையில் இந்தக் கிளையில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டால்தான் சிக்கல். மூன்று முறை வந்தவரையும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். இதற்கான வழிகளை நான் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடுவேன்: நிபந்தனைக்கு ஒருவருமே பொருந்தாதபோது என்ன விடை வருகிறது? வாடிக்கையாளர் எண் காலியாக உள்ள பில் என்ன ஆகிறது?

எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் ஃபில்டர் (பொருந்தும் வரிகளைப் பிரிப்பது), அதற்கு வெளியே யூனிக் (ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை மட்டும் வைப்பது), அதற்கும் வெளியே கவுன்ட்ஏ (மதிப்புகளை எண்ணுவது) என்று ஃபார்முலா எழுதுவது வழக்கம். படிக்கச் சுலபம்; ஆனால் நம்பக் கூடாது. பொருந்தும் வரி இல்லாவிட்டால் ஃபில்டர் பிழையைத் திருப்புகிறது. கவுன்ட்ஏ அந்தப் பிழையையும் ஒரு மதிப்பாக எண்ணி 1 என்கிறது. பில்லே போடாத கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் முளைத்துவிடுகிறார். 1 என்பது பார்வைக்கு நியாயமான எண் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கவுன்ட்ஏ இருந்த இடத்தில் ரோஸ் (ROWS, வரிகளை எண்ணுவது) போட்டு, எல்லாவற்றுக்கும் வெளியே பிழையைப் பிடிக்கும் இஃப்எரர் வைத்து 0 கொடுங்கள். எண் காலியாக உள்ள பில்களை விலக்க, ஃபில்டருக்குள் இன்னொரு நிபந்தனையும் வேண்டும்.

பழைய பதிப்பில் ஒவ்வொரு வரியிலும் 1-ஐ, அந்த வாடிக்கையாளர் எத்தனை முறை வருகிறார் என்று சொல்லும் கவுன்ட்இஃப்ஸால் வகுத்துக் கூட்டும் வித்தை இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் முழுப் பட்டியலையும் திரும்பப் படிப்பதால், வரிகள் பல்லாயிரம் ஆனால் கோப்பு நகராது. அதைவிட, எக்செல் 2013 முதல் உள்ள, டேட்டா மாடல் என்ற உள் தரவுக் கிடங்கில் இயங்கும் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) எவ்வளவோ மேல். பிவட்டைச் செருகும்போதே டேட்டா மாடலில் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்டிங்ட் கவுன்ட் (தனித்தனி மதிப்புகளின் எண்ணிக்கை) என்ற தேர்வு பட்டியலில் தலைகாட்டாது. இதன் மொத்த வரியும் சரியாக இருக்கும். ஜூனில் 101, 102, ஜூலையில் 101, 103 ஆகிய எண்களுள்ள வாடிக்கையாளர்கள் வாங்கியிருந்தால் மாதத்துக்கு இரண்டு பேர். மொத்தம் 4 அல்ல, 3. மாத எண்களைக் கையால் கூட்டி அறிக்கை தருபவர்கள் தவறுவது இங்கேதான்.

கூகுள் ஷீட்ஸில் இந்த வேலைக்கென்றே கவுன்ட்யூனிக்இஃப்ஸ் இருக்கிறது. எண்ண வேண்டிய நெடுவரிசையை முதலில் தந்து, நிபந்தனைகளை அடுக்கினால் போதும். ஒரே கட்டத்தில் விடை வேண்டுமென்றால் என் தேர்வு இதுதான்.

தரவு டேட்டாபேஸில் இருந்தால் அங்கேயே எண்ணிவிடுவது நல்லது. டேட்டாபேஸ் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் கவுன்ட் டிஸ்டிங்ட் காலி (NULL) மதிப்புகளைத் தானே ஒதுக்கிவிடும். ஒருவரும் இல்லையென்றால் 0 என்றே சொல்லும். உள்ளே கேஸ் வென் (நிபந்தனை பொருந்தினால் மட்டும் மதிப்பைத் தருவது) வைத்தால் பல நிபந்தனைகளுக்கான விடைகளை ஒரே வினவலில் அருகருகே எடுக்கலாம். அதை எல்ஸ் 0 (பொருந்தாவிட்டால் 0) என்று மட்டும் முடிக்காதீர்கள். அந்தப் பூஜ்யமும் ஒரு வாடிக்கையாளராகக் கணக்கில் ஏறிவிடும்.

பார்ப்பவரே கிளையையும் மாதத்தையும் மாற்றிப் பார்க்கும் அறிக்கை என்றால் மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐதான். அதன் டிஸ்டிங்ட்கவுன்ட் காலி மதிப்பையும் ஒன்றாக எண்ணும், டிஸ்டிங்ட்கவுன்ட்நோபிளாங்க் எண்ணாது. வரியே இல்லாதபோது 0 வராது, கட்டம் வெறுமையாக இருக்கும். இன்னொன்றும் உண்டு: வடிகட்டிக் கணக்கிடும் கால்குலேட்டுக்குள் கிளையின் பெயரை நிபந்தனையாக எழுதினால், பார்ப்பவர் ஸ்லைசரில் (திரையில் உள்ள தேர்வுப் பெட்டியில்) தேர்ந்தெடுத்த கிளையை அது அழித்துவிடும். இரண்டும் சேர்ந்து செயல்பட கீப்ஃபில்டர்ஸ் போட்டுத்தான் ஆக வேண்டும்.