திருகா, இழுப்பா? முடிச்சு போடாத ஷூவில் எது வாங்கலாம்

ஷூவில் கம்பியைச் சுருட்டி இறுக்கும் போவா (BOA) திருகு இருக்கட்டுமா, சாலமன் நிறுவனத்தின் குயிக்லேஸ் மாதிரி இழுத்துப் பூட்டும் கயிறு போதுமா என்று பலர் யோசிக்கிறார்கள். இரண்டையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இறுக்கம்
போவா: திருகை அழுத்திச் சுழற்றினால் ‘டிக் டிக்’ என்று பல் பல்லாக நகர்ந்து கம்பியைச் சுருட்டும். நூலிழை அளவுக்குக்கூட சரிசெய்யலாம். ஆனால் பல மாடல்களில் திருகை வெளியே இழுத்தால் மொத்தமும் விட்டுவிடும். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கி, கொஞ்சம் மட்டும் தளர்த்த நினைக்கும்போது இது எரிச்சல்தான்.
குயிக்லேஸ்: ஒரே இழுப்பு, பூட்டைக் கீழே தள்ளினால் முடிந்தது. மிச்சக் கயிற்றை ஷூவின் நாக்கில் (கயிற்றுக்கு அடியில் இருக்கும் பட்டை) உள்ள சிறு பையில் செருக மறக்காதீர்கள், புதரில் மாட்டும்.

விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் பக்கம் இறுக்கமாக வேண்டுமா? ஒரே திருகு வைத்ததிலும் அது கஷ்டம், குயிக்லேஸிலும் கஷ்டம். இரண்டு திருகு உள்ள பூட்ஸ் பாருங்கள்.

குளிர்
போவா 2001இல் பனிச்சறுக்குப் பூட்ஸில்தான் அறிமுகமானது. கையுறையைக் கழற்றாமலே திருகலாம். இதில் குயிக்லேஸ் பக்கத்தில் வராது.

பழுது
போவா: கம்பி அறுந்தால் முடிச்சு போட முடியாது, மாற்றுக் கம்பி வேண்டும். சேறு புகுந்தால் தண்ணீரில் அலசுங்கள்.
குயிக்லேஸ்: அவசரத்துக்கு மெல்லிய கயிறு ஒன்றைக் கோத்துச் சமாளிக்கலாம்.

சைக்கிள், பனிச்சறுக்கு என்றால் திருகு. ஆளில்லாத மலைப்பாதையில் பல நாள் நடை என்றால் நான் கயிற்றைத்தான் எடுப்பேன்.