வயிற்றில் அடி: ஃபாஸ்ட் போதுமா, சிடி வேண்டுமா?

பைக் ஹேண்டில்பார் குத்தியது, ஸ்டியரிங் இடித்தது, மாடியிலிருந்து விழுந்தது என வெளியே காயமே தெரியாத வயிற்று அடிகளில் படுக்கையிலேயே வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபாஸ்ட் (FAST) அல்ட்ராசவுண்டோடு நிறுத்திக்கொள்வதா, சிடி ஸ்கேனுக்கு அனுப்புவதா? எங்கள் ஓட்டு சிடிக்கு. நிபந்தனை ஒன்றுதான்: பிபி நிலையாக நிற்க வேண்டும்.

ஃபாஸ்டின் பெருமை தெரிந்ததுதான். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக் குழி, இதய உறை என நான்கு இடங்கள், இரண்டு மூன்று நிமிடங்கள். கதிர்வீச்சு கிடையாது, படுக்கையை விட்டு நகர்த்தவும் வேண்டாம். ரத்தம் ஏற்றியும் பிபியின் மேல் அளவு 90-ஐத் தாண்டாதவருக்கு வயிற்றில் திரவம் தெரிந்தால் நேரே தியேட்டர்தான். அவரை சிடி மேசையில் ஏற்றுவது ஆபத்து.

ஆனால் சுமார் 200 மில்லியாவது தேங்கினால்தான் ஃபாஸ்டில் திரவம் நம்பகமாகத் தெரியும். வயிற்றுக்குப் பின்புற ரத்தக்கசிவு, கணையம், குடல் எதையும் நம்பிச் சொல்ல முடியாது. அவசரத்தில் முதலிலேயே கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டுச் சிறுநீர்ப்பையை வற்றவைத்தால் இடுப்புக் குழியும் சரியாகத் தெரியாது.

சிடி ஜெயிப்பது ஓர் இடத்தில். ரத்தம் இருக்கிறது என்பதோடு நிற்காமல், எங்கிருந்து வருகிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்றும் அது காட்டும். கத்தியா, ஆஞ்சியோ மூலம் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பதா, வார்டில் கண்காணிப்பதா என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். அதற்கு இரண்டு கட்டப் படம் வேண்டும்: கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) ஏற்றி 25–30 நொடியில் தமனிக் கட்டம், 70 நொடியில் போர்ட்டல் கட்டம் (மருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையை எட்டும் நேரம்). முதல் படத்தில் பளிச்சிட்ட புள்ளி இரண்டாவதில் பரவிப் பெரிதானால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவு மாறாமல், பெருந்தமனியோடு சேர்ந்து மங்கினால் அது போலி அனியூரிசம் (தமனிச் சுவர் கிழிந்து, ரத்தம் அருகிலேயே பைபோல் அடங்கியிருப்பது). போர்ட்டல் கட்டம் மட்டும் எடுத்தால் மண்ணீரலின் போலி அனியூரிசம் நழுவிவிடும். ஆறாம் நாள் வீட்டில் வெடிப்பது இதுவாகவும் இருக்கலாம். 2018-இல் திருத்திய அமெரிக்கக் காய அளவுகோலிலும் (ஏஏஎஸ்டி) மண்ணீரல் உறைக்குள் அடங்கிய கசிவு நான்காம் தரம், உறையைத் தாண்டி வயிற்றுக்குள் போனால் ஐந்தாம் தரம்.

இந்த இரண்டு கட்டப் படம் கெடுவது பெரும்பாலும் ஊசியில். புறங்கையில் நீல வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய், மெல்லிய 22 கேஜ்) போட்டு அனுப்பினால் வேகம் கிடைக்காது, தமனிக் கட்டம் வெளிறிப்போகும். முழங்கை மடிப்பில் பச்சை (தடித்த 18 கேஜ்), நொடிக்கு 4 மில்லி வேகத்தில் சுமார் 100 மில்லி கான்ட்ராஸ்ட். கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடிந்தால் தூக்கவும். கைகள் பக்கவாட்டில் கிடந்தால் கல்லீரல், மண்ணீரல் மேல் கோடுகள் விழும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து சிறுநீரில் ரத்தமும் வந்தால், சிறுநீர் தானாக நிரம்பட்டும் என்று கதீட்டரை அடைத்துவைப்பது போதாது. நீர்த்த கான்ட்ராஸ்டை 300–350 மில்லி கதீட்டர் வழியே இறக்கிப் படம் எடுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்த இரட்டைக் கட்டத்தை அப்படியே போடச் சொல்லமாட்டோம். பெரும்பாலும் போர்ட்டல் ஒன்றே போதும். சிடியும் ஏமாற்றும்: முதல் சில மணி நேரத்தில் கணையக் கிழிசலும் குடல் ஓட்டையும் படத்தில் விழாமல் போகலாம். சீட் பெல்ட் தடம் இருக்கிறது, வயிறு இறுகிக்கொண்டே வருகிறது என்றால், ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் சில மணிக்கொரு முறை வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வலி ஏறினால் மறுபடி சிடி.