சூனி ஆந்தையா, சாண்டா கிளாரா கரடியா?

சூனி, சாண்டா கிளாரா இரண்டும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் வாழும் ஊர்கள். அவர்கள் செய்யும் மண் விலங்குகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு சூனி ஆந்தைக்கு. சாண்டா கிளாராவின் கறுப்புக் கரடியைக் கொண்டாடுகிறவர்கள் நிறைய, அதற்குக் காரணமும் உண்டு. காய்ந்த உருவத்தில் மண்குழம்பு பூசி, அது உலர்வதற்குள் வழவழப்பான ஆற்றுக் கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் கை ஓய்ந்தால் அந்த இடம் மங்கித் தெரியும். தேய்க்கிற கல்லே அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் சொத்து. அப்புறம் திறந்தவெளியில் சுடுகிறார்கள். தீ உச்சத்தில் இருக்கும்போது பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூட, காற்று அடைபட்டுப் புகை மண்ணில் ஏறி, சிவக்க வேண்டியது கன்னங்கரேலென்று வரும். வறட்சியில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டியது கரடி என்பது அந்த ஊர்க் கதை. அந்த ஊர்க் கலைஞர் மார்கரெட் டஃபோயாவின் பெரிய ஜாடிகளில் கரடிப் பாதம் பதிந்திருப்பது அந்த நன்றியில்தான்.

ஆனால் சின்ன உருவங்களில் அந்தப் பளபளப்பே முகத்தை விழுங்கிவிடுகிறது. தொட்டுப் பார்க்க அருமை, பார்த்துக்கொண்டே இருக்க ஆந்தைதான். வெள்ளைப் பூச்சின் மேல் இறகு இறகாக வரைந்திருப்பார்கள், முதுகிலும் சிறகிலும் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சூனிக் கலைஞர்கள் நெல்லி பிக்கா, ஜோசபின் நஹோஹாய் இருவரின் ஆந்தைகளையும் பாருங்கள்: உடம்பு பானை மாதிரி உருண்டு நிற்கிறது, ஆனால் அந்தக் கண்கள் நம்மை விடுவதில்லை.

இன்னொரு புவெப்லோ ஊரான கொச்சிட்டியையும் சொல்ல வேண்டும். அந்த ஊர்க் கலைஞர் ஹெலன் கொர்டெரோ 1964இல் தன் தாத்தா சாண்டியாகோ கிண்டானாவை நினைத்து, கதை சொல்லும் கிழவரை உடம்பெல்லாம் பேரப்பிள்ளைகளோடு செய்தார். பிள்ளைகளைச் சுமக்கும் ஆமையும் அவர் கைவேலைதான், எனக்கு ரொம்பப் பிடித்தது அது. பிறகு வந்தவர்கள் கரடி, ஆந்தை என்று எல்லாவற்றின் மேலும் பிள்ளைகளை ஏற்றினார்கள். பலவற்றில் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது, உயிர் கூடவில்லை.

சரி, எதை வாங்கினாலும் அச்சில் ஊற்றிய மண்ணில் வெறும் வண்ணம் மட்டும் தீட்டியதா என்று கேளுங்கள். பொருத்துக் கோடு தெரிந்தாலோ, சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தாலோ சந்தேகப்படலாம். நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபேயில் 1922இல் தொடங்கிய 'இந்தியச் சந்தை'யில் (இங்கே இந்தியர் என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள்), ஆகஸ்டில், செய்தவரிடமே கேட்டு வாங்கலாம். மண்ணை எங்கே தோண்டினார், எதில் சுட்டார் என்று விசாரித்துவிட்டே பணம் கொடுங்கள்.