ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் டெல்லியில் எதைக் காட்டலாம், எதை விடலாம்?

டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு "நாங்க கிளம்பி வர்றோம்" என்று ஊரிலிருந்து போன் வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட லீவை ஒட்டித்தான். வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியலும் இருக்கும். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், முடிந்தால் தாஜ்மகால். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, சித்தி மகளுக்கு நாலு வயது, மாமியாருக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கொரு தடவை பாத்ரூம். இந்தப் பட்டியலை வரிசை மாறாமல் நிறைவேற்றினால் மூன்றாம் நாள் சாயங்காலம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

அதனால் ஓர் இடத்துக்கு எவ்வளவு புகழ் என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து பார்க்க வேண்டியதைப் பார்க்கும்வரை வெயிலில் எவ்வளவு நடக்க வேண்டும், உட்கார நிழல் உண்டா, கழிவறை எங்கே, சோதனை வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் பல பிரபலமான இடங்கள் பின்னுக்குப் போய்விடும்.

முதலில் எப்போது வரச் சொல்வது என்று பார்ப்போம். நம்மைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுகிறவர்களாக இருந்தால் காலாண்டு விடுமுறைக்கே என் ஓட்டு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் தணியத் தொடங்கியிருக்கும், தீபாவளியை ஒட்டிவரும் புகைமூட்டமும் இருக்காது. அரையாண்டு விடுமுறை பனிமூட்டக் காலம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், காலையில் எதிரே இருக்கும் கோபுரமே தெரியாது. ஆனால் குழந்தைகளுக்கு வாயிலிருந்து புகை விடுவதே பெரிய விளையாட்டு, அந்த ஒரு லாபம் உண்டு. மே மாதம் 45 டிகிரி வரை போகும். அப்போதுதான் வருவேன் என்பவர்களுக்குக் காலை பத்து மணிக்கு முன்னால் ஒன்று, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒன்று. நடுவில் வீடுதான்.

செங்கோட்டையா, ஹுமாயூன் சமாதியா?

"செங்கோட்டையைப் பாக்காம டெல்லிக்குப் போனேன்னு ஊர்ல எப்படிம்மா சொல்றது?" என்று பெரியப்பா கேட்பார். கேள்வி நியாயம்தான். சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றும் இடத்தை டிவியில் பார்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆனால் அவர்கள் டிவியில் பார்த்தது லாகூர் வாசல் மதிலின் வெளிப்புறத்தை. அதை வெளியே நின்றே பார்த்துவிடலாம். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

உள்ளே போனால் கதை வேறு. பாதுகாப்புச் சோதனை, பிறகு சட்டா சௌக் என்கிற கூரை போட்ட கடைத்தெரு. அங்கே வளையலையும் பொம்மைத் துப்பாக்கியையும் பார்த்ததும் குழந்தைகள் நின்றுவிடுவார்கள். அதைத் தாண்டினால் நௌபத் கானா (முரசு மண்டபம்), திவானே ஆம் (பொதுச் சபை), திவானே காஸ் (தனிச் சபை) என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே திறந்த மைதானம். மரநிழல் குறைவு. ஷாஜகான் 1648-ல் குடியேறிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டினார்கள். அந்தப் படைவீடுகளில் இப்போது நேதாஜி, 1857 பற்றிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. வரலாற்றில் ருசி உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவை விருந்து. நாலு வயதுக் குழந்தைக்கு அங்கே ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி அதற்கு முன்பே சில நாட்கள் மூடிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹுமாயூன் சமாதி யார் பட்டியலிலும் இருப்பதில்லை. "சமாதியைப் போய் என்னத்தைப் பாக்கிறது" என்று மாமியார் முகம் சுளிப்பார். கூட்டிக்கொண்டு போங்கள். நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் என்ற பிரபுவின் கல்லறைத் தோட்டம், பிறகு இரண்டு வாசல்கள், அப்புறம்தான் செந்நிறக் கல்லும் வெள்ளைப் பளிங்குமாக அந்தக் கட்டடம். 1570 வாக்கில் கட்டி முடித்தது. தாஜ்மகாலுக்கு வேலை தொடங்கியதே 1632-ல். நான்கு பாகமாகப் பிரித்த தோட்டம், நடுவில் உயர்ந்த மேடை, மேலே வெள்ளைக் குமிழ் என்று தாஜின் சாயல் முழுக்க இங்கே உண்டு. மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பெரியப்பா ஏற வேண்டாம். கீழே புல்வெளியில் உட்கார்ந்தாலே கட்டடம் முழுசாகக் கண்ணில் படும். மெல்லிய வாய்க்காலில் ஓடும் தண்ணீரை விட்டுக் குழந்தைகளை இழுத்து வருவதுதான் கஷ்டம்.

எதிரிலேயே சுந்தர் நர்சரி இருப்பதுதான் இந்த ஜோடியை ஜெயிக்க வைக்கிறது. சுமார் 90 ஏக்கர்ப் பூங்கா. ஆகா கான் அறக்கட்டளை சீரமைத்து 2018-ல் திறந்தது. மரம், குளம், மயில், சுத்தமான கழிவறை, காபி எல்லாம் உண்டு. பெட்ஷீட்டை விரித்துத் தயிர்சாத டப்பாவைத் திறந்துவிடலாம். பெரியவர்கள் அப்படியே சாய்ந்துகொள்ள, பிள்ளைகள் கண்பார்வையிலேயே ஓடித் திரிவார்கள். ஒரு நாளை இங்கேயே கழித்துவிட்டு, செங்கோட்டையை வாசலோடு நிறுத்திக்கொள்வதே என் தீர்ப்பு.

குதுப்மினாருக்குப் போட்டியே தேவையில்லை. 72.5 மீட்டர் உயரம், உள்ளே நுழைந்த சில நிமிடத்தில் எதிரே நிற்கும், நடை குறைவு. 1981-ல் உள்ளே நடந்த நெரிசலில் பள்ளிக் குழந்தைகள் உட்பட 45 பேர் இறந்த பிறகு மேலே ஏற அனுமதி இல்லை. பிள்ளைகளை இரும்புத் தூணருகே கூட்டிப்போய் "1,600 வருஷமா வெளியில நிக்குது, ஏன் துருப்பிடிக்கலை?" என்று கேளுங்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகிக் காக்கிறது என்பது பதில். காலையில் போய்விட்டு டிபனுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மிருகக்காட்சி சாலையா, ரயில் மியூசியமா?

வண்டலூர் பார்த்த குழந்தைக்கு டெல்லி மிருகக்காட்சி சாலை புதிதாக எதையும் தராது. 176 ஏக்கர் என்றாலும் வண்டலூர் முன் அது சின்னது, ஆனாலும் கால் வலிக்க நடக்க வேண்டியிருக்கும். பேட்டரி வண்டி உண்டு. மே மாதப் பகலில் புலி எங்கோ நிழலில் படுத்திருக்க, குழந்தை "எங்கே, எங்கே?" என்று அழும்.

சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் திறந்தது. சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகேயும் ஒன்று உண்டுதான், ஆனால் இதன் சேகரிப்பு பெரிது. மைசூர் மகாராஜாவின் சலூன் என்கிற சொகுசு ரயில் பெட்டியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பெரியவர்களுக்குத் தாங்கள் இரண்டு ராத்திரி புரண்டு படுத்து வந்த ஸ்லீப்பர் கோச் ஞாபகம் வரும், சிரித்துக்கொள்வார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் இன்னொன்று தரையிலுமாக ஓடிய பாட்டியாலா மோனோரயில் இங்கே இருக்கிறது. பையன்களைவிட அப்பாக்கள்தான் அதன் முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள். நுழைந்ததும் முதல் வேலையாக டாய் டிரெயினுக்கு டிக்கெட் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். பக்கத்திலேயே தமிழ்நாடு இல்லம். ஆர்.கே. புரமும் அதிக தூரமில்லை, அதனால் அன்று சாயங்காலம் அங்குள்ள மலை மந்திர் முருகன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்ஷர்தாம், தாமரைக் கோயில், மலை மந்திர்

தாமரைக் கோயில் 1986-ல் கட்டி முடித்த, பஹாய் மதத்தாரின் வழிபாட்டு இடம். 27 பளிங்கு இதழ்கள், கட்டணம் இல்லை. வெளியே இருந்து பார்க்க அழகு. உள்ளே சிலை இல்லை, பூசை இல்லை, பேசவே கூடாது. செருப்பைக் கழற்றி வரிசையில் நின்று உள்ளே போனால் நாலு வயதுக் குழந்தை அந்த அமைதியில்தான் முதல் கேள்வியை உரக்கக் கேட்கும். "சாமி எங்கே?" என்று பாட்டியும் கேட்பார், கொஞ்சம் மெதுவாக. வழியில் இருந்தால் பாருங்கள், இதற்காகவே கிளம்ப வேண்டாம்.

அக்ஷர்தாம் 2005-ல் திறந்தது. கல் சிற்ப வேலை பெரியவர்களை அசத்திவிடும். பீடத்தைச் சுற்றிச் செதுக்கிய யானை வரிசையைக் குழந்தைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். படகில் உட்கார்ந்தபடி பார்க்கும் காட்சியும் இருட்டியபின் நீரொளிக் காட்சியும் தனிக் கட்டணம். சிக்கல் என்னவென்றால், செல்போன், பை எதையும் உள்ளே விட மாட்டார்கள். பத்துப் பேர் கூட்டம் போனில்லாமல் பிரிந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உள்ளே போனதும் ஒரு தூணையோ சிலையையோ காட்டி "காணோம்னா இங்கே வந்து நில்லுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நீரொளிக் காட்சியோடு திரும்புவது நல்லது.

மாமியாரின் மனநிறைவுதான் முக்கியம் என்றால் ஆர்.கே. புரம் உத்தர சுவாமிமலை, அதாவது மலை மந்திர், இரண்டையும் முந்திவிடும். 1973-ல் கும்பாபிஷேகம் நடந்த சுவாமிநாதன் கோயில். டெல்லிச் சாலையிலிருந்து தலை நிமிர்ந்தால் தமிழில் "யாமிருக்க பயமேன்" என்று தெரியும். பாஷை புரியாத ஊரில் சில நாட்கள் சுற்றிய பாட்டிக்கு அதுவே பாதி தரிசனம். படி ஏறத்தான் வேண்டும், ஆனால் முருகனுக்காக என்றால் முழங்கால் வலி அன்று மட்டும் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மதியம் நடை சாத்தியிருக்கும்.

இந்தியா கேட்டுக்கு எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிப்பார்கள். முன்பு ராஜபாதை என்றிருந்த கர்த்தவ்ய பாதையை 2022-ல் சீரமைத்த பிறகு நடைபாதையும் கழிவறையும் தேவலை. ஆனால் வளைவின் முன் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதற்குப் பின்னால், 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்துக்குள் போங்கள், கட்டணமில்லை. போர்வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இருக்கிறார். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கை சென்று அங்கே உயிரிழந்தவர். அந்தப் பெயரைப் படித்ததும் பெரியப்பாவிடமிருந்து ஒரு பழைய அரசியல் சொற்பொழிவு வரும், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மெட்ரோவா, வேனா?

ஊர்க்காரர்களுக்கு மெட்ரோவும் ஒரு காட்சிதான், ஒரு தடவையாவது கூட்டிப்போங்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். முதல் பெட்டி பெண்களுக்கானது. குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ராஜீவ் சௌக்கில் ஆபீஸ் நேரத்தில் ரயில் மாறுவதை மட்டும் தவிருங்கள். ஆறு பேர்வரை மெட்ரோவும் ஆட்டோவும் போதும். அதற்கு மேல் என்றால் நாள் வாடகைக்கு டெம்போ டிராவலர்தான். தண்ணீர் கேன், மாற்றுத் துணி, தூங்கிவிட்ட குழந்தை எல்லாம் வண்டியிலேயே இருக்கலாம்.

ஆக்ரா விஷயத்தில் வீட்டில் எப்போதும் இரண்டு கட்சி. ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸில் காலையில் கிளம்பினால் சுமார் 100 நிமிடம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் காரில் போனால், வீட்டு வாசலில் இருந்து கணக்குப் பார்க்கையில், நாலு மணி நேரம் ஆகலாம். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் ரயில், அடிக்கடி இறங்க வேண்டிய பெரியவர் இருந்தால் கார். எப்படிப் போனாலும் தாஜ் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து பேட்டரி வண்டி. மே மாதத்தில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், ஆக்ராவை விட்டுவிட்டு ஹுமாயூன் சமாதியோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

கிழமையை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், ரயில் மியூசியம் நான்குமே மூடியிருக்கும். அன்றைக்கு ஹுமாயூன் சமாதி, குதுப்மினார், போர் நினைவகம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலும் மிருகக்காட்சி சாலையும் விடுமுறை. அன்று ரயில் மியூசியமும் மலை மந்திரும். தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. பெரியவர்களுக்கு முந்தின ராத்திரியே ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிட்டால் கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.