டிரைசூட் வாங்குகிறீர்களா? கழுத்தையும் ஜிப்பையும் முதலில் பாருங்கள்

வான்கூவர் பக்கத்தில் டீப் கோவ் கரையிலிருந்து கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு) ஓட்டுகிறேன். ஏப்ரலில் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், டீ ஷர்ட் போதும் போலத் தோன்றும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். அந்தத் தண்ணீருக்குத்தான் உடுத்த வேண்டும். அதற்குத்தான் டிரைசூட், தண்ணீர் உள்ளே புகாத முழு உடம்பு உடை. மானிடோபா பல்கலைக்கழகத்தின் குளிர் ஆராய்ச்சியாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை இங்கே எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு முட்டும். அடுத்து 10 நிமிஷம்தான் கை விரல்கள் சொன்னதைக் கேட்கும். சுமார் 1 மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்து நினைவு தப்பும்.

நான் முதலில் வாங்கியது ஒருவர் போட்டுப் பழகிய ஆண்கள் டிரைசூட். தோளில் தொளதொள, இடுப்பில் இறுக்கம். ஜிப் முன்பக்கம் மட்டும். ஒதுங்க வேண்டுமென்றால் முழுசாகக் கழற்ற வேண்டும், அதுவும் குளிர்காற்றில். அதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டினேன். ஒருநாள் ஜக் தீவில் இறங்கும்போது தலை கிறுகிறுவென்று சுற்றி, கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒதுங்குவதற்கென்று இடுப்புக்குப் பின்பக்கம் திறக்கும் ஜிப் இல்லாத சூட்டை வாங்காதீர்கள்.

இப்போது என்னிடம் இருப்பது கோகடாட் கம்பெனியின் பெண்களுக்கான மெரிடியன் சூட். கோர்-டெக்ஸ் (தண்ணீரை உள்ளே விடாது, வேர்வை ஆவியை வெளியே விடும்) துணி, காலுக்கும் அதே துணியில் சாக்ஸ், பின்பக்க ஜிப். விலை ஆயிரம் டாலருக்கு மேல். யோசித்து யோசித்துத்தான் வாங்கினேன், ஆனால் வாங்கியதிலிருந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். துடுப்புப் போடும்போது வேர்ப்பது வெளியே போய்விடுகிறது. ஒன்று, இந்தத் துணி தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். சூடு கொடுப்பது உள்ளே போடும் கம்பளியும் ஃப்ளீஸும். கடையில் அளவு பார்க்கும்போது அதையும் உள்ளே போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் கழுத்து ரப்பர். தண்ணீர் உள்ளே போகாமல் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிப்பது இந்த லேடெக்ஸ் ரப்பர்தான். லேடெக்ஸ் புதிதில் தொண்டையை நெரிப்பது போலத்தான் இருக்கும். உடனே கத்தரியை எடுக்காதீர்கள். என் கழுத்தைவிடக் கொஞ்சம் அகலமான சாம்பார் பாத்திரத்தில் இரண்டு ராத்திரி மாட்டி வைத்தேன், இளகியது. அதற்கு மேலும் இறுக்கினால், விளிம்பில் இருக்கும் வளையக் கோட்டில் ஒன்றை மட்டும், நல்ல கூர்மையான கத்தரியால், பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். சின்னப் பிசிறு விட்டாலும் அங்கிருந்துதான் கிழியும். நம் வீடுகளுக்கென்று இன்னொன்று: தேங்காய் எண்ணெய் லேடெக்ஸைக் கெடுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று இதைப் போடவே மாட்டேன். வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவேன்.

போட்டதும் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்து ரப்பரை ஒரு விரலால் விலக்கினால் உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று போகும். இல்லாவிட்டால் தண்ணீரில் பலூன் மாதிரி மிதப்போம். ஜிப் கடைசிப் பல் வரை மூடியிருக்கிறதா என்று கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உலோக ஜிப் என்றால் அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும்.

பயணத்துக்கு முன்னால் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு 10 நிமிஷம் கிடந்து பார்த்தேன். வெளியே வந்து கழற்றினால் சாக்ஸ் காய்ந்திருந்தது, இடது மணிக்கட்டில் மட்டும் ஈரம். கிழிசல் எதுவும் இல்லை. துடுப்பைப் பிடிக்கும்போது மணிக்கட்டில் தசைநார் புடைக்கிறது, அதன் பக்கத்துப் பள்ளம் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மணிக்கட்டு ரப்பரை ஒரு அங்குலம் மேலே, சதைப்பற்றான இடத்துக்கு ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கையும் நனையவில்லை.