சார்ஜர் இல்லாமல் வந்த கேமரா: கடை நடந்துகொண்ட விதம்

கேமரா வந்தது, சார்ஜர் வரவில்லை. டேப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்ததால் பேக்கிங்கிலேயே விட்டுப்போயிருக்கிறது என்று கடைக்கு எழுதினேன். வாடிக்கையாளர் சேவையில் முதலில் கேட்டது பெட்டியின் மேல் இருந்த லேபிளின் படம்; அதில் அச்சிட்டிருந்த எடையையும் எல்லாப் பொருளும் சேர்ந்தால் வரவேண்டிய எடையையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இப்படித்தான் விசாரிக்க வேண்டும், வாங்கியவரைச் சந்தேகப்பட்டுக் குடைவதில் யாருக்கும் பயனில்லை. முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொல்லாமல் சார்ஜரை மட்டும் தனியாக அனுப்பினார்கள், அது பெரிய நிம்மதி. எடை குறைவது தெரிந்த பிறகும் அதே சேவையில் இன்னொருவர், நான் பெட்டியைப் பிரித்த வீடியோ கேட்டதுதான் எரிச்சல். எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டா பிரிக்கிறார்கள்? அப்புறம், மெமரி கார்டு மாதிரி எடை மிகக் குறைந்த பொருள் விட்டுப்போனால் இந்தக் கணக்கு உதவாது, மூடுவதற்கு முன் அவர்களே ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும்.