மாமாட போட்டுக்கு ஜிபிஎஸ் பூட்டின கதை: கார்மின் ஸ்ட்ரைக்கர் 4, ஒன்றரை வருஷம் பாவிச்ச பிறகு

கொழும்பு முகத்துவாரத்தில என்ட மாமாக்கு ஒரு 18 அடி ஃபைபர் போட் இருக்கு, 25 குதிரை அவுட்போர்ட், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. நான் கிழமை நாள்ல கோட்டையில ஒஃபிஸ் வேலை, சனிக்கிழமை விடியப்புறம் மாமாவோட கைத்தூண்டிலுக்குப் போவேன். ஒன்றரை வருஷத்துக்கு முதல் இந்த போட்டுக்கு ஜிபிஎஸ் ஒண்டு பூட்டினோம். அதப்பத்தி கேக்கிற ஆக்கள் கூடிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டு அலுத்துப் போச்சு, அதான் ஒரேயடியா எழுதுறேன்.

முதல்ல ஏன் தேவைப்பட்டுது எண்டு சொல்லணும், ஏனெண்டா மாமாக்கு தேவையே இல்ல எண்டுதான் அவர் சொன்னாரு. முப்பது வருஷமா கரையைப் பாத்துத்தான் ஓடுறாரு, சென்ட் லூசியாஸ் கோயில் டோமையும் அதுக்குப் பின்னால ஏதாவது உயரமான கட்டடத்தையும் ஒரே நேர்ல கொண்டு வாறது, அங்கால பக்கம் இன்னொரு சோடி அடையாளம், ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில நங்கூரம். தாமரைக் கோபுரம் வந்த பிறகு இன்னும் சுகம், 350 மீட்டர் உயரம்தானே, நல்லா வெளிய போனாலும் தெரியும். "மகன், இவ்வளவு பெரிய கம்பத்த நட்டு வச்சிருக்கிறான், உன்ட பெட்டி எனக்கு எதுக்கு" எண்டு நக்கல் வேற.

ஆனா பாருங்க, கரை தெரிஞ்சாத்தானே. மழை மூடினா கோபுரமும் இல்ல கோயிலும் இல்ல. ஒரு ஒக்டோபர் மாசம் அப்பிடி மூடிட்டு, ரெண்டு பேரும் எஞ்சினை நிப்பாட்டிட்டு காது குடுத்துக்கிட்டு இருக்கிறோம், பக்கத்தில எங்கயோ பெரிய கப்பல் ஹோர்ன் அடிக்குது, எந்தப் பக்கம் எண்டு தெரியல. கொழும்பு துறைமுகத்துக்கு வாற கொன்டேனர் கப்பலுக்கு நாங்க கண்ணிலயே படமாட்டோம். அண்டைக்கு கரைக்கு வந்து பிளேன்டீ குடிக்கும்போது மாமா தானாவே கேட்டாரு, அந்தப் பெட்டி என்ன விலை வரும் எண்டு.

விலை நான் இங்க எழுத மாட்டேன், 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போன பிறகு ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு கதை சொல்லுது. என்ட மச்சான் கட்டார்ல இருந்து லீவுல வரும்போது கொண்டு வந்தான். அதனால இங்க எனக்கு வொரண்டி இல்ல, அதையும் யோசிச்சு எடுங்க.

ஸ்ட்ரைக்கர் 4 பழைய மொடல்தான், 3.5 இஞ்ச் ஸ்க்ரீன், மீன் பாக்கிற சோனாரும் ஜிபிஎஸ்ஸும் ஒரே பெட்டிக்குள்ள. டச் இல்ல, பட்டன். இது குறை இல்ல, ஈரக் கையோட, இரையெல்லாம் பிசுபிசுத்த விரலோட போன் ஸ்க்ரீனைத் தட்டிப் பாத்த ஆக்களுக்குத் தெரியும் பட்டன்ட அருமை. வெயிலுக்கும் நல்லாத் தெரியுது. ஆனா ஒரு விசயத்தை வாங்க முதலே விளங்கிக்கணும், இதில மெப் இல்ல. கரையோ ஆழக்கோடோ ஒண்டும் வராது, வெறும் ஸ்க்ரீன்ல நீங்க, நீங்க போன பாதை, நீங்க குறிச்சு வச்ச புள்ளிகள், அவ்வளவுதான். 5,000 புள்ளி வரைக்கும் சேமிக்கலாம், எங்களுக்கு இன்னும் அறுபதே ஆகல. மெப் வேணுமெண்டா சார்ட்பிளொட்டர் எடுக்கணும், அது வேற காசு. எங்கட மாதிரி ஒரு நாள் போட்டுக்கு, தெரிஞ்ச கடல்ல ஓடுறவங்களுக்கு, மெப் இல்லாட்டியும் சமாளிக்கலாம். போன்ல மெப் இருக்குத்தானே எண்டு கேப்பீங்க. இருக்கு, சிக்னல் இல்லாட்டியும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும், மெப்பை முதலே டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா சரி. ஆனா என்ட போன்ல இருந்த பழைய கடல் மெப்பில காலி முகத்திடலுக்குப் பக்கத்தில இன்னும் கடல்தான் காட்டிச்சு, போர்ட் சிட்டிக்கு நிரப்பின 269 ஹெக்டெயரும் அதில இல்ல. அந்த நிரப்புற வேலை 2019லயே முடிஞ்சிட்டு.

இப்ப பூட்டின கதை. இதுதான் முக்கியம், ஏனெண்டா முதல் மூணு கிழமை நான் இந்தப் பெட்டியை பேசாத பேச்சு பேசினேன், பிழை பெட்டியில இல்ல.

மாமாக்குத் தெரிஞ்ச ஒரு எலெக்ட்ரீசியன் வந்து பூட்டிக் குடுத்தாரு, பேர் வேணாம், நல்ல மனுஷன்தான், ஆனா வீட்டு வயரிங் பாக்கிறவர். எங்கட எஞ்சின்ல பெட்டரி இல்ல, தண்ணி இறைக்கிற சின்ன பம்புக்கு எண்டு ஒரு பழைய 12 வோல்ட் பெட்டரி வச்சிருந்தோம், அவர் அந்த பம்ப் வயரை நடுவில வெட்டி, செப்புக் கம்பியை முறுக்கி, இன்சுலேசன் டேப் சுத்தி விட்டிட்டாரு. ஃபியூஸ் இல்ல. அண்டைக்கு ஸ்க்ரீன் பளிச்செண்டு வந்திச்சு, எல்லாரும் கை தட்டினோம். மூணாவது கிழமை, அலை ஒண்டு அடிச்சா ஓஃப் ஆகும், திரும்ப ஓன் ஆகும், பம்ப் போட்டா அப்பிடியே செத்துப் போகும். டேப்பை உரிச்சுப் பாத்தா கம்பி பச்சை நிறத்தில பவுடரா கொட்டுது. உப்புத் தண்ணி டேப்புக்கு வெளிய நிக்கும் எண்டு நினைக்கிறது எங்கட முட்டாள்தனம், அது கம்பியோட கம்பியா உள்ளுக்கு ஏறும்.

பிறகு நானே செய்தேன். பஞ்சிகாவத்தையில ஃபியூஸ் ஹோல்டரும் டேர்மினலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வயரும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும், எல்லாம் ஒரே பின்னேரத்தில எடுக்கலாம். வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசின கம்பியா எண்டு வெட்டிப் பாருங்க, உள்ளுக்கு வெள்ளி நிறமா இருக்கணும், சிவப்புச் செம்பு வேணாம். ஜிபிஎஸ்ஸுக்கு எண்டு தனியா ஒரு 12 வோல்ட் 7 அம்பியர் மணி சீல்ட் பெட்டரி போட்டேன். இந்தப் பெட்டி கால் அம்பியர் அளவுதான் இழுக்கும், ஒரு முழு இரவு ஓடினாலும் பெட்டரியில பாதி கூட குறையாது. பெட்டரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியில வச்சு முன் அணியத்துக்குக் கீழ கட்டினேன், ஃபியூஸை பெட்டரி பொசிட்டிவுக்கு கிட்டவே வச்சேன், தூரத்தில வச்சா நடுவில வயர் உரஞ்சி ஷோர்ட் ஆனா ஃபியூஸ் இருந்தும் பிரயோசனமில்ல. ஒவ்வொரு மூட்டும் ஈயம் வச்சு ஒட்டி, மேல ஷ்ரிங்க். பிளக் பின்னுக்கு சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம். ஒன்றரை வருஷமா ஒரு தரம்கூட ஓஃப் ஆகல.

சோனார் கண்ணை, அதான் டிரான்ஸ்டியூசர், பின் பலகையில பூட்டுறது இன்னொரு கூத்து. புத்தகத்தில ஃபைபர் போட்டுக்கு அடிப்பகுதியில இருந்து 3 மில்லிமீட்டர் கீழ வரணும் எண்டு இருக்கு. நாங்க அழகுக்கு மேல ஏத்திப் பூட்டினோம், ஓடாம நிக்கும்போது அடி வடிவாத் தெரியும், கொஞ்சம் வேகம் போட்டா ஸ்க்ரீன் முழுக்க புழுதி. காத்துக் குமிழி. கீழ இறக்கி, ப்ரொபெல்லர் தண்ணி படாத பக்கமா தள்ளிப் பூட்டின பிறகு சரி. ஓட்டை போடுறதுக்கு முதல் ஒரு துண்டு பலகையை போட்ல ஒட்டி அதில பூட்டுங்க, பிழைச்சா பலகையிலதான் ஓட்டை, போட்ல இல்ல. எங்களுக்கு மூணு பழைய ஓட்டை இருக்கு, சீலன்ட் நிரப்பி மூடி வச்சிருக்கிறோம், பாக்கும்போதெல்லாம் மாமா என்னைப் பாப்பாரு. காக்கைதீவுப் பக்கம் மாதிரி மணலுக்கு இழுத்து ஏத்துற போட்டெண்டா இந்தக் கண்ணைக் கவனம், இழுவையில முறிஞ்சிடும்.

சரி, பாவிக்கிறது எப்பிடி. மாமாட்ட ஒரு சீஆர் கொப்பி இருக்கு, பலநாள் போட்ல ஓடின அவர்ட கூட்டாளி ஒருத்தர் குடுத்த இடங்களெல்லாம் அதில, பார் (கடலுக்கடியில இருக்கிற கல்லுத் திட்டு) எங்க, பழைய கப்பல் எங்க கிடக்கு எண்டு. கொழும்புக்கு வெளிய கப்பல் நிறையக் கிடக்குத்தானே, 1917இல ஜெர்மன்காரன் போட்ட மைன்ல வெடிச்சு மூழ்கின வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் மாதிரி. பழைய இரும்பு இருக்கிற இடத்தில கலவாயும் பாரையும் நிக்கும். ஒரு சனிக்கிழமை கொப்பியைப் பாத்து ஒரு புள்ளியை நான் அடிச்சேன், போனோம், அடி தட்டையா மணல், ஒரு மணித்தியாலம் சுத்தினோம், ஒண்டுமில்ல. மாமா வாய் திறக்கல, அதுதான் பயம்.

வீட்ட வந்து பாத்தாத்தான் விளங்கிச்சு. கொப்பியில அகலக்கோடும் நெடுங்கோடும் எழுதியிருக்கிறது பாகை, நிமிடம், விநாடியில. பெட்டியில செட்டிங் இருக்கிறது பாகை, நிமிடம், அதுக்குப் பிறகு தசமம். 6 பாகை 58 நிமிடம் 45 விநாடி எண்டு இருக்கிறதை நான் 58.45 எண்டு அடிச்சிருக்கேன். 45 விநாடி எண்டா முக்கால் நிமிடம், 58.75 எண்டு வரணும். அந்த 0.3 நிமிடம் கடல்ல 0.3 நோட்டிக்கல் மைல், 550 மீட்டருக்கு மேல. அரை கிலோமீட்டர் தள்ளி நிண்டு மீன் இல்ல எண்டு அழுதிருக்கிறோம். செட்டிங்க்ஸ்ல யூனிட்ஸுக்குள்ள போய் மாத்தலாம், அல்லது விநாடியை 60ஆல வகுத்து அடிக்கணும். அடுத்த கிழமை அதே இடம், சோனார்ல அடி சட்டெண்டு எழும்பிச்சு, மாமா தூண்டில் போட முதலே சிரிச்சிட்டாரு.

இன்னொண்டு, அம்புக்குறி. ஒரு புள்ளிக்குப் போ எண்டு சொன்னா அது நேரா கோடு போடும், இடையில என்ன இருக்கு எண்டு அதுக்குத் தெரியாது. காலி முகத்திடலுக்கு வெளிய இருந்து முகத்துவாரத்துக்கு எண்டு அடிச்சா கோடு துறைமுகத்துக் கல்லணைக்கு மேலால போகுது! இருட்டில அம்பை நம்பி ஓடினா நேரா கல்லுதான். அதனால வெளியால சுத்தி வாற மாதிரி நடுவில நாலு புள்ளி வச்சு ஒரு ரூட் செய்து வச்சிருக்கேன், கப்பல் போற வாயையும் தள்ளியே வெட்டும். போட் நிக்கும்போது அம்பு பைத்தியம் மாதிரி சுத்தும், பழுது இல்ல, இதுக்குள்ள திசைகாட்டி இல்ல, நகர்ந்தாத்தான் எந்தப் பக்கம் போறோம் எண்டு அதுக்குத் தெரியும்.

மாமாக்கு பிடிச்சது வேற ஒண்டு. முதல் நாள் நாங்க வந்த பாதையைப் பாத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருந்திச்சு. அணியத்தை இடத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தாரு, ஆனா நீரோட்டம் பக்கவாட்டில தள்ளத் தள்ள அவர் திருப்பித் திருப்பிப் பிடிச்சதில கோடு வளைஞ்சிட்டு. ஸ்க்ரீன்ல ரெண்டு நம்பர் வரும், ஒண்டு இடம் இருக்கிற திசை, மற்றது போட் உண்மையா நகர்ற திசை. ரெண்டும் ஒரே நம்பரா இருக்கிற மாதிரி சுக்கானைப் பிடிங்க, அணியம் எந்தப் பக்கம் பாத்தாலும் கவலைப்படாதீங்க எண்டு சொன்னேன். ரெண்டே நாள்ல பிடிச்சிட்டாரு. இப்ப ஒரு பயணத்துக்கு ரெண்டு மூணு லீட்டர் மிச்சம். 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்கு ஏறின நேரம் எஞ்சினைக் கழட்டி வித்திடலாமா எண்டு யோசிச்ச மனுஷன், அந்த ரெண்டு லீட்டர்ட பெறுமதி அவருக்குத் தெரியும்.

மெனு தமிழ்ல இல்ல, சிங்களத்திலயும் இல்ல. மாமா படத்தைப் பாத்து பழகிட்டாரு, எழுத்து சின்னன் எண்டுதான் முறைப்பாடு, கண்ணாடி போட்டா உப்புத் தூவானம் பட்டு அதுவும் மங்கும். 3.5 இஞ்ச் வயசானவங்களுக்குப் பத்தாது, காசு இருந்தா பெரிசா எடுங்க.

மாமி ஒரு நாள் கேட்டாங்க, இனிப் பயமில்லத்தானே, ஜிபிஎஸ் இருக்கு, ஏதாவது எண்டா நேவி பாத்துக்கும் எண்டு. இல்ல மாமி. இது செட்டலைட்ல இருந்து கேக்க மட்டும்தான் செய்யும், எங்கட இடத்தை ஒருத்தருக்கும் சொல்லாது. நாங்கதான் போன்லயோ விஎச்எஃப் ரேடியோட 16ஆம் செனல்லயோ (ஆபத்துக்குக் கூப்பிடுற செனல்) அந்த நம்பரை வாசிச்சுச் சொல்லணும். அதனால ஸ்க்ரீன் நம்பரை எப்பிடி வாசிக்கிறது எண்டு போட்டுக்கு வாற எல்லாருக்கும் காட்டிக் குடுத்திருக்கேன், விநாடியா தசமமா எண்டதையும் சேத்துச் சொல்லச் சொல்லி.

தினமும் பெட்டியை மட்டும் கழட்டி வீட்ட கொண்டு போறோம், தாங்கியில இருந்து சுகமாக் கழரும், துறையில விட்டிட்டு வந்தா விடிய இருக்காது. நல்ல தண்ணியில நனைச்ச துணியால ஒரு துடை, அவ்வளவுதான்.

கடைசியா ஒரு பெரிய குறை, மெமரி கார்ட் போட இடம் இல்ல. பெட்டி கடல்ல விழுந்தா அறுபது புள்ளியும் அதோட போச்சு. இதை மாமாட்ட சொல்லத் தயங்கினேன், சொன்னதும் அவர் ஒண்டும் கதைக்கல, கொப்பியை எடுத்து புதுப் பக்கம் ஒண்டைத் திறந்து என்ட கையில பேனையைக் குடுத்தாரு. இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் கரைக்கு வந்து மீன் வித்த பிறகு நான் நம்பரை வாசிக்க அவர் எழுதுறாரு, தசமத்தோட.